மூன்றாவது ரத்தம்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மேற்குக் காத்து. கொடியில் போட்ட துணி பாதி முருங்கை மரத்தில். பாப்பாவின் பாவாடை பக்கத்துச் சோளக் காட்டில்.

சென்டர் வேன் இன்றும் வரவில்லை. பரமத்தி வேலூரில் நடக்க முடியாத பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற சென்டர், லீவு முடிந்து திறந்து ஒரு வாரம் ஆகிறது. கேட்டால் "இன்னும் கையெழுத்து ஆகலைங்க" என்கிறார்கள். யார் கையெழுத்து என்று கேட்டால் "மேல இருந்து வரோணுங்க" என்கிறார்கள்.

செய்ய வேண்டியது:
– பாப்பாவுக்கு வலிப்பு மாத்திரை
– வீல்சேர் இடது சக்கரம், காத்து அடிக்க
– நிவேதா நோட்டு
– என் குதிகால் புண்ணுக்கு ஏதாவது

புது டைரி. நான் வேலை செய்யும் மெடிக்கலுக்கு மருந்து கம்பெனி ஆள் கொடுத்தது. அதனால் நிவேதா நோட்டு என்றால் என்ன என்று எழுதி வைக்கிறேன். சேலம் அஸ்தம்பட்டியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம். போன வருஷம் சென்டருக்கு வந்து, நடக்க முடியாத பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மாக்கள் பதினோரு பேரைச் சேர்த்தார்கள். தீராத மன அழுத்தம் உடம்பின் செல்லுக்குள் என்ன செய்கிறது, அதிலிருந்து நோய் எப்படி வருகிறது, அதைப் பார்க்கிறார்களாம். மூன்று முறை ரத்தம். போன ஜூலையில் ஒன்று, ஜனவரியில் ஒன்று, இனி ஒன்று. நிவேதா ஆத்தூர் பக்கத்துப் பொண்ணு, இதில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அவள் கொடுத்த நோட்டில் தினமும் ஒரு எண் போட வேண்டும். இன்று உங்கள் மன அழுத்தம், ஒன்றிலிருந்து பத்துக்குள்.

நான் தினமும் நாலு போடுகிறேன். நாலு போட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

சாயந்திரம் நிவேதா போன். "அக்கா, மூணாவது ரத்தம் இருபத்தி ஒண்ணு, சனிக்கிழமை. சென்டருக்கே வர்றோம். வெறும் வயித்துல வந்துடுங்க."

சரி என்றேன்.

ஜூன் 11, புதன்

வெயில், காத்து, தூசி.

ஜேடர்பாளையம் ஸ்டாப்பில் டவுன் பஸ். பாப்பாவைத் தூக்கி ஏற்றினேன். முழங்காலுக்குக் கீழே ஒரு கை, கழுத்துக்குக் கீழே ஒரு கை, மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே எழுப்பு. பதிமூன்று வயது, முப்பத்தி நாலு கிலோ. போன வருஷம் இருபத்தெட்டு. வீல்சேரைக் கண்டக்டர் மடக்கி வாங்கினார். நல்ல மனுஷன். பின் சீட்டில் ஒரு அம்மா: "இந்தப் புள்ளைய எதுக்குங்க அலைக்கழிக்கறீங்க, ஊட்லயே வெச்சிருக்கலாமுல்ல."

பாப்பா அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு பஸ் குலுங்கினால் போதும்.

சென்டரில் விட்டு, திரும்பி பஸ் பிடித்து மெடிக்கல் போய்ச் சேர மணி பதினொன்று. பத்துக்குப் போக வேண்டியது. ஓனர் அண்ணன் கெட்டவர் இல்லை. "இப்பிடியே போனா நான் வேற ஆள் பாக்கோணும் கலாமணி. அதுக்காக டென்ஷன் ஆகாத." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு டீ சொன்னார்.

புண் ஆறவில்லை. வீல்சேர் மிதிகட்டை உரசி மூன்று வாரம் ஆகிறது.

ஜூன் 12, வியாழன்

மதியம் கடையில் ஆள் இல்லை. சுகர் பார்க்கிற மெஷின் புதுசாக வந்திருந்தது. சரியாக வேலை செய்கிறதா என்று அண்ணன் பார்க்கச் சொன்னார். என் விரலிலேயே குத்தினேன்.

312.

மெஷின் கோளாறு என்று அண்ணன் விரலில் குத்தினோம். 118. மறுபடி என் விரல். 309.

அண்ணன் கடையைப் பாதி சாத்திவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டார். சின்ன வயசு டாக்டரம்மா. புண்ணைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு நாளா தண்ணி தாகம்?" வெயில் காலம்தானே என்றேன். "கடைசியா எப்போ வெறும் வயித்துல ரத்தம் பாத்தீங்க?"

"இதுவரைக்கும் பாத்ததே இல்லைங்க" என்று சொல்ல வாயெடுத்தேன்.

பார்த்திருக்கிறேன். ஜனவரியில். நிவேதா மூன்று டியூப் எடுத்தாள்.

மாத்திரை, புண்ணுக்குக் கட்டு, மறுபடி திங்கள் வர வேண்டும். "காலைக் கவனமா பாத்துக்கோங்க, இது விளையாட்டு இல்லை" என்றார் டாக்டரம்மா. வெளியே வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன். எனக்குக் கால் போனால் பாப்பாவை யார் தூக்குவது? வேறு எதுவும் தோன்றவில்லை. அந்த ஒரு கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது.

அப்புறம் சென்டர் விடும் நேரமாகிவிட்டது. ஓடினேன்.

ஜூன் 14, சனி

நிவேதாவுக்குப் போன் போட்டேன்.

"ஜனவரியில எடுத்த ரத்தத்துல சுகர் பாத்தீங்களா?"

"பாத்தோம் அக்கா. அது எல்லாருக்கும் பாக்கறதுதான். ஏன்?"

"எனக்கு எவ்வளவு?"

"அக்கா, லேப் தாள்ல பேர் வராது. நம்பர் மட்டும்தான். எல்லா ஊரும் சேத்து நீங்க நாப்பத்தி மூணு. ரிசல்ட்டை யாருக்கும் சொல்றது இல்லைன்னு படிவத்துலயே இருக்கு."

"நாப்பத்தி மூணாம் நம்பருக்கு எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு."

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். மூக்கடைத்த குரல். ஜனவரியிலேயே இருந்திருக்கிறது. நிறையவே. "நான் அந்த எண்ணை டைப் அடிச்சிருக்கேன் அக்கா. என் கையாலதான் அடிச்சேன். அது ஒரு ஆளுன்னு எனக்குத் தோணவே இல்ல."

ஐந்து மாதம். மாத்திரை போட்டிருக்க வேண்டிய ஐந்து மாதம் நான் நோட்டில் நாலு நாலு என்று போட்டுக்கொண்டிருந்தேன்.

என் அம்மாவுக்கும் சுகர் இருந்தது. எனக்கு வந்தது அம்மாவாலா, அழுத்தத்தாலா, இரண்டாலுமா, எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது, அதைத்தானே ஆராய்கிறார்கள். தெரிந்தது அந்த ஓர் எண். அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

சமையல்: கத்தரிக்காய், ரசம். எனக்கு இனி களி என்று முடிவு.

காலையில் அவர் போன். அவர் வேலை செய்கிற ரிக் வண்டி ராய்ப்பூர் தாண்டி எங்கேயோ நிற்கிறதாம். பின்னால் போர் போடுகிற சத்தம், கத்திக் கத்திப் பேசினார். சொன்னேன்.

"நான் வந்துரட்டுமா?"

"வந்து? மறுபடி போகணும்ல."

"செரி, நீ எதையும் மனசுல போட்டுக்காத கலா. டென்ஷன் ஆகாத."

இந்த ஐந்து நாளில் என்னிடம் டென்ஷன் ஆகாதே என்றவர்கள்:
1. ஓனர் அண்ணன்
2. டாக்டரம்மா
3. என் தம்பி பெண்டாட்டி
4. பால்காரர்
5. அவர்
யாரும் பாப்பாவை ஒருமுறை தூக்கி உட்கார வைக்கட்டுமா என்று கேட்கவில்லை. டென்ஷன் என்னமோ நான் கடையில் வாங்கி வந்து வைத்துக்கொண்டது மாதிரி.

பாப்பா தூங்கும்போது அந்தப் படிவத்தைத் தேடி எடுத்தேன். பீரோவில், ரேஷன் கார்டு உறைக்குள். போன வருஷம் படிக்காமலே கையெழுத்து. நான் பி.எஸ்ஸி. விலங்கியல். படிக்கத் தெரியாதவள் இல்லை, படிக்க நேரம் இல்லாதவள். இன்று வரி விடாமல் படித்தேன். ஆறாவது பத்தி: முடிவுகள் ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்தப்படும். சரி, அது அவர்களுக்கு. பதினோராவது பத்தி: பங்கேற்பாளர் எந்நேரத்திலும், காரணம் ஏதும் கூறாமல், இவ்வாய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்.

இது எங்களுக்கு.

பாப்பாவின் சிவப்பு கிரேயான் எடுத்து அடிக்கோடு போட்டேன். இரண்டு கோடு.

நிவேதா நோட்டில் இன்று 9.

ஜூன் 16, திங்கள்

ஆஸ்பத்திரி. கட்டு மாற்றினார்கள். புண் அப்படியே.

பாப்பாவைக் கூட்டப் போனபோது சென்டர் வாசலில் அம்மாக்கள் எல்லாரும் இருந்தார்கள். வேன் இல்லாததால் எல்லாரும் நேரில் வர வேண்டியிருக்கிறது. வேனை நிறுத்தியவர்கள் செய்த ஒரே உபகாரம்.

சொன்னேன். படிவத்தைக் காட்டினேன்.

சரசக்கா குமாரபாளையத்திலிருந்து வருகிறவள். தறி ஓட்டுகிறவள். அவள் மகளுக்கு இருபது வயது. "அப்ப எனக்கு என்ன இருக்குதுன்னும் அவிகளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"என்ற ரத்தம். எனக்குத் தெரியாது, அவிகளுக்குத் தெரியும்." கொஞ்சம் யோசித்தாள். "செரி அம்மிணி. சனிக்கிழமை ஊசியோட வரட்டும். கையை நீட்ட மாட்டோம்."

ஜோதி சின்னப் பொண்ணு, குழந்தைக்கு நாலு வயதுதான். "அப்பிடிச் செஞ்சா சென்டர்ல நம்ம புள்ளைங்களை வேண்டாம்னுருவாங்களாங்க்கா?"

"சென்டர் வேற, ஆராய்ச்சி வேற. அவங்க நடத்தறது இல்லை இது."

"நெசமாத்தானுங்களா?"

நெசம்தான் என்றேன். எனக்கே அவ்வளவு நிச்சயம் இல்லை. பதினோரு பேரும் சரி என்றார்கள். ஜோதி கடைசியாக.

ஜூன் 18, புதன்

காத்து நின்று புழுக்கம். பாப்பா இரண்டு தடவை வாந்தி. சென்டருக்குப் போகவில்லை, கடைக்கும் போகவில்லை.

பேராசிரியர் போன். ஆராய்ச்சிக்குத் தலைவர். மூன்று முறை வந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை, தணிந்த குரல். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"கலாமணி அம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா பாருங்க, இந்தக் கோபமே உங்க சுகருக்கு நல்லதில்லை."

"சார், கோவப்படறதுக்கு முன்னாடியே சுகர் வந்திருச்சுங்க. ஜனவரியில. உங்க பேப்பர்லயே இருக்குது."

இருமினார். ஆய்வு விதி, இரகசியம், எல்லாருக்கும் பொதுவான நடைமுறை. ஒரு வருஷ உழைப்பு வீணாகிவிடும் என்றார். பிறகு: "உங்களுக்காக ஒரு ஏற்பாடு செய்யலாம். அஸ்தம்பட்டியில வாரத்துல மூணு நாள் காலையில யோகா, மூச்சுப் பயிற்சி. நல்ல பலன் இருக்கும்."

"வாரேனுங்க சார். அந்த நேரத்துக்குப் பாப்பாவை நீங்க பாத்துக்கறீங்களா?"

"அது... வீட்ல யாராவது..."

"வீட்ல யாராவது இருந்தா எனக்கு யோகாவே வேண்டாமுங்களே."

போனை வைத்துவிட்டு பாப்பாவின் வாந்தித் துணியை அலசினேன். வெட்கப்படவில்லை. இதை எழுதி வைக்கிறேன்: வெட்கப்படவில்லை.

ஜூன் 19, வியாழன்

பத்து மணிக்கு வாசலில் நிவேதா. சேலத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். பேராசிரியர் அனுப்பினாரா என்றேன். "அவருக்குத் தெரியாது அக்கா." கையில் ஆரஞ்சுப் பழம். எனக்கு சுகர் என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்ததாம். அதைச் சொல்லிவிட்டு அழப் பார்த்தாள். பாப்பாவுக்கு உரித்துக் கொடு என்றேன்.

பாப்பா அவள் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து, அடையாள அட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். விடவே இல்லை.

குளிக்க வைக்கிற நேரம். நான் தூக்கப் போனதும் நிவேதா, "நான் தூக்கட்டுமா?" என்றாள். சொல்லிக் கொடுத்தேன். ஒரு கை இங்கே, ஒரு கை அங்கே. எழுப்பினாள், பாப்பாவின் கால் பின்னிக்கொண்டது, இரண்டு பேரும் கட்டிலில் விழுந்தார்கள். பாப்பா கெக்கெக்கே என்று சிரிக்கிறாள். நிவேதா எழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை அக்கா?"

"உங்க நோட்டுல அந்தக் கேள்வி இல்லையே."

பாப்பாவைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்த பிறகு டீ. எனக்கு சர்க்கரை இல்லாமல். அவளும் இல்லாமல் குடித்தாள், முகம் சுளித்தாள். உள்ளே என்னதான் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு வருஷமாக நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஆபத்து வந்தா உடம்பு ஒரு சுரப்பை விடுது அக்கா. ஓடறதுக்கு சக்தி வேணுமில்ல, அதுக்காக ரத்தத்துல சர்க்கரையை ஏத்தி விடுது. ஆபத்து போனதும் எல்லாம் இறங்கிடணும். இறங்காமலே வருஷக் கணக்கா இருந்தா, செல்லுக்குள்ள சக்தி உண்டாக்குற இடம் இருக்குல்ல..."

"இழைமணி."

நிமிர்ந்து பார்த்தாள்.

"பதினொன்னாங் கிளாஸ்ல படம் வரைஞ்சு மார்க் வாங்கிருக்கேன். மைட்டோகாண்ட்ரியா. உள்ள மடிப்பு மடிப்பா இருக்கும்."

"அதேதான். அது தளர்ந்து போகுதா, உருவமே மாறுதா, அதனாலதான் நோய் வருதான்னு பாக்கறோம். இன்னும் உறுதியாச் சொல்ல முடியாது. மூணாவது ரத்தம் வந்தாத்தான் சொல்ல முடியும்."

"ஆபத்து வந்தா ஏறும், போனா இறங்கும். செரி. எனக்கு ஆபத்து எதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கீங்களா?"

"ஒன்னுலேர்ந்து பத்து..."

"அது எவ்வளவுன்னு கேக்குது. எதுன்னு கேக்கலியே. வேன் நின்னு போச்சு, அதை எங்க எழுதறது?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் பையிலிருந்து ஒரு தாள் எடுத்து எழுத ஆரம்பித்தாள். எத்தனை தடவை தூக்குகிறேன். கூட யார் இருக்கிறார்கள். வேன் எப்போதிலிருந்து இல்லை. மாற்றி மாற்றிக் கேட்டாள், கையால் வேகமாக எழுதினாள்.

போகும்போது வாசலில்: "சனிக்கிழமை ரத்தம் இல்லைன்னா என் படிப்பு அவ்வளவுதான் அக்கா. இதைச் சொல்ல வரல. ஆனா சொல்லாமப் போகவும் முடியல."

நல்ல பொண்ணு. என் பொண்ணு மாதிரி என்று எழுத வந்தேன், எழுதவில்லை. என் பொண்ணு உள்ளே இருக்கிறாள்.

"தெரியுது கண்ணு. ஆனா நீட்ட மாட்டோம்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஜூன் 21, சனி

சென்டர் ஹாலில் வரிசையாக நாற்காலி. நீல ஐஸ் பெட்டி. ஊதா மூடி டியூப், சிவப்பு மூடி டியூப். ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட பிஸ்கட்டும் ஜூஸும்.

பதினோரு பேரும் வந்தோம். பதினோரு பேரும் சாப்பிட்டுவிட்டு வந்தோம். வெறும் வயிறு இல்லாவிட்டால் எடுக்கவே முடியாது. சரசக்கா வேண்டுமென்றே இரண்டு இட்லி அதிகம்.

பேராசிரியர் வணக்கம் சொன்னார். ஒருத்தியும் நாற்காலிக்குப் போகவில்லை. நான் தாளை நீட்டினேன். நேற்று உட்கார்ந்து எழுதியது, மூன்றே வரி:

ஒவ்வொருத்தர் முடிவும் அவரவர் கையில், தமிழில்.
ஆபத்தாக ஏதாவது இருந்தால் அன்றைக்கே போன்.
வேன் நின்ற நாளையும் எங்களைப் பற்றிய பதிவில் எழுத வேண்டும்.

படித்தார். "முதல் ரெண்டையும் ஆய்வுக்கு அனுமதி தர்ற அறநெறிக் குழுகிட்ட கேக்கணும். மூணாவது அறிவியல் இல்லையேம்மா. அது நிர்வாகப் பிரச்சினை."

யாரும் எதிர்பார்க்கவில்லை, நிவேதா ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து பேசினாள். "சார், அவங்க அழுத்தத்துக்குக் காரணமே அதுதான். அதைக் குறிக்காம ரத்தத்தை மட்டும் எடுத்துட்டுப் போனா நாம எதை அளக்கறோம்?"

"நிவேதா, நாம அப்புறம் பேசலாம்."

"அப்புறம்னா எப்பங்க?" என்றாள் சரசக்கா. "எங்களுக்கு அப்புறம்னு ஒரு நேரம் இல்லீங்க சார். மூணு மணிக்குப் புள்ளைகளத் தூக்கோணும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் முகம் சிவந்தது. இப்படிப் பண்ணினால் ஆய்வே நின்றுவிடும், நஷ்டம் உங்களைப் போன்ற அம்மாக்களுக்குத்தான் என்றார். பதினோராவது பத்தியை வாசித்துக் காட்டினேன். காரணம் ஏதும் கூறாமல். "நாங்க காரணமும் சேத்தித்தான் சொல்றோமுங்க சார். படிவத்துல கேட்டதுக்கு மேலயே."

காலி டியூபோடு பெட்டிகள் ஜீப்பில் ஏறின. நிவேதா திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். பிஸ்கட்டைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தோம்.

ஜூன் 23, திங்கள்

தூறல். நின்றுவிட்டது.

நேற்றெல்லாம் பயம். நிவேதா படிப்பு. சென்டர் மேடம் வேறு, "பெரிய இடத்துப் பகை நமக்கெதுக்கும்மா, சென்டருக்குப் பேர் கெட்டுப்போகும்" என்றார். நியாயம்தானோ என்று ஒரு மணி நேரம் நினைத்தேன். அப்புறம் கட்டு மாற்றும்போது புண்ணைப் பார்த்தேன். பயம் போய்விட்டது.

எல்லாரும் அவரவர் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசியிருந்தோம். இன்று எட்டு பேர் முடித்தார்கள். இரண்டு பேருக்கு பி.பி. சரசக்காவுக்கு ரத்தம் ரொம்பக் குறைவு. ஜோதிக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று அவள் போனில் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. காரணம் தெரியவில்லை.

மெடிக்கலில் ஓனர் அண்ணன் புது ஆள் போட்டுவிட்டார். "சாயந்திரம் ரெண்டு மணி நேரம் வா, இல்லைங்கல" என்கிறார். சாயந்திரம் எப்படிப் போவது?

புண் ஓரம் காய ஆரம்பித்திருக்கிறது. டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

ஜூன் 26, வியாழன்

சென்டருக்கு மெயிலில் கடிதம் வந்தது. தமிழில்! அறநெறிக் குழு நேற்று அவசரமாகக் கூடியதாம். முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். எங்களுக்கு மட்டும் இல்லை, மற்ற ஊரில் சேர்ந்த எல்லாருக்கும். மூன்றாவதற்கு ஒரு புதுக் கேள்வி சேர்த்திருக்கிறார்கள். சென்டர் வாசலில் சத்தமாக வாசித்தேன்: "கடந்த மூன்று மாதங்களில் தங்களின் பராமரிப்புப் பணிக்கு இன்றியமையாத சேவைகளில் இடையூறு ஏதும் ஏற்பட்டதா? விவரிக்கவும்."

"என்னம்மிணி சொல்றாங்க?"

"வேன் வந்துச்சான்னு கேக்கறாங்க."

"அதுக்கா இத்தனை வார்த்தை!" சரசக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "விவரிக்கவும்னா, எடம் எவ்வளவு உட்ருக்காங்க?"

அரைப் பக்கம். பத்தாது. கூடத் தாள் இணைப்போம் என்று முடிவு.

நிவேதா போன். படிப்பு போகவில்லை. இரண்டு நாள் பேராசிரியர் பேசவே இல்லையாம். மூன்றாம் நாள் கூப்பிட்டு, அந்தக் கேள்வியை நீயே எழுது என்றாராம். அப்படியானால் அந்த வார்த்தையெல்லாம் உன்னுடையதா என்று கேட்டேன். "குழு திருத்திட்டாங்க அக்கா. நான் 'வேன் வந்ததா'ன்னுதான் எழுதினேன்."

ஜூன் 28, சனி

வெறும் வயிறு. பதினோரு பேரும்.

முதலில் உறை, பிறகு ஊசி. அப்படித்தான் கேட்டோம், அப்படித்தான் நடந்தது. ஒவ்வொருத்தர் பேரும் எழுதிய உறை, நம்பர் இல்லை. ஜனவரி முடிவு, போன ஜூலை முடிவு, என்ன செய்ய வேண்டும் என்று கீழே நிவேதா கையெழுத்தில். சரசக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பேராசிரியர் என் நாற்காலிக்கு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்களுக்கு ஜனவரியிலேயே சொல்லியிருக்கணும். விதின்னு விட்டுட்டேன். தப்பு என்னோடது."

பரவாயில்லைங்க சார் என்று வாய் வரைக்கும் வந்தது. நாற்பத்தொரு வருஷப் பழக்கம், தானாக வரும். விழுங்கிவிட்டேன். பரவாயில்லை என்பது பொய். ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டேன். அவரும் பதிலை எதிர்பார்க்காமல் எழுந்தார். அதற்காக அவர் மேல் கொஞ்சம் மரியாதை.

கையை நீட்டினேன். நிவேதா நரம்பைத் தட்டினாள்.

"வலிக்குதா அக்கா?"

"எடு."

மூன்று டியூப். எதற்கு எது என்று கேட்டேன், சொன்னாள். ஊதா மூடி, செல்லுக்கு. அதைக் கொஞ்ச நேரம் கையில் வாங்கிப் பார்த்தேன். சூடாக இருந்தது.

பிஸ்கட் சாப்பிடும்போது சரசக்கா: "இது ஆச்சு. வேன்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னை ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

மேடத்திடம் கேட்டு, வேனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியது எந்த ஆபீஸ், எந்த நாற்காலி என்று ஒரு வழியாக வாங்கிவிட்டேன். நாமக்கல். மாடி.

ஜூன் 30, திங்கள்

நாமக்கல். அந்த ஆபீஸ் வராந்தா. உட்கார்ந்தபடி எழுதுகிறேன்.

சரசக்கா தம்பியின் முட்டை வண்டியில் வந்தோம். தட்டுகளை இறக்கிவிட்டு வீல்சேர், பிள்ளைகள், நாங்கள். பாப்பா வழியெல்லாம் ஒரே பாட்டு.

மாடிக்குப் படி மட்டும்தான். நாலு பேர் சேர்ந்து ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி ஏற்றினோம். கீழே நின்ற ஒருத்தர் ஓடிவந்து கை கொடுத்தார். மேலே வந்ததும் ஒரு குமாஸ்தா பதறிப்போய், "புள்ளைங்களை எதுக்கும்மா கூட்டிட்டு வந்தீங்க?"

"வேற எங்கீங்க உடறது?" என்றாள் ஜோதி. ஜோதி!

அதிகாரி வெளியே வந்தார். வேனுக்காக நாங்கள் எழுதி வந்த மனுவை நின்றபடியே படித்தார். "கீழேயே இருந்திருக்கலாமே, நான் இறங்கி வந்திருப்பேனே."

"உங்க பேனா மேலதானுங்களே இருக்குது" என்றேன்.

ஒரு வாரத்தில் பார்க்கிறோம் என்றார். இன்றைக்கே பாருங்கள் என்றேன். ஃபைலைத் தேடச் சொல்லி உள்ளே போனார்.

மதியம்: தயிர் சாதம், எனக்கு மாத்திரை. வராந்தாவிலேயே பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தோம். குமாஸ்தா தன் மேஜை ஃபேனைத் தூக்கிவந்து இந்தப் பக்கம் திருப்பி வைத்தார்.

மூன்றரை. ஃபைல் கிடைத்துவிட்டதாம். உள்ளே போயிருக்கிறது.

நாலே முக்கால். ஜோதி குழந்தை தூங்குகிறது. பாப்பா சரசக்கா மடியில். இன்னும் கூப்பிடவில்லை. வாட்ச்மேன் வந்து, "அஞ்சரைக்கு ஆபீஸ் மூடிருவாங்கம்மா, எல்லாரும் எந்திரிங்க" என்றார்.

மூடட்டும். பதினோரு பேரும் உள்ளேதான் இருக்கிறோம்.